ஒரே பெயரில் ஐந்து பேர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் தம்பி, தம்பியின் மனைவி, என் மகள், மருத்துவமனையிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் அம்மா. வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் இருந்ததாகச் சொல்பவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அவர் அன்று ஊரிலேயே இல்லை.

தம்பிக்கு நடுக்குவாதம் என்று தெரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த நோய் வந்தவர்கள், அது தெரியவருவதற்கு முன்பு இணையத்தில் என்னென்ன தேடினார்கள் என்று மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கை நடுங்குவதற்கு வெகுகாலம் முன்பே உடம்பு சின்னச் சின்னதாக ஏதாவது காட்டிக் கொடுக்குமாம். மனிதர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் இணையத்தில் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்களாம். அந்தக் கேள்விகளைச் சேர்த்துப் பார்த்தால் அடுத்தவருக்கு நோயை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். தம்பி கேட்டவுடனே சம்மதித்துவிட்டான். ஆனால் அவன் சம்மதம் மட்டும் போதவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாம் மூத்தவன் பெயரில்தான் இருக்கும். மின் இணைப்பு, தண்ணீர் வரி எல்லாம் என் பெயர். இணையம் வந்தபோது கணக்கும் என் பெயரில்தான் தொடங்கினோம். ஐந்து பேருடைய கைபேசியும் கூடத்துக் கணினியும் அந்த ஒரே கணக்கில் ஓடின. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மகள் ஒருமுறை பேச்செடுத்தாள். ஒரே அடுப்பு எரிகிற வீட்டில் அது எதற்கு என்று கேட்டேன். பேச்சு அதோடு முடிந்தது. ஆகவே தம்பி தேடியதை எடுத்துக் கொடுக்கவும் என் கையெழுத்து வேண்டியிருந்தது.

நான் முதலில் மறுத்தேன். வீட்டுக்குள் கேட்டது வீட்டோடு இருக்க வேண்டும். தம்பி வாதாடவில்லை. "எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ணா. இன்னொருத்தனுக்காவது தெரியட்டுமே" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு மறுப்பது அழகில்லை.

உடல்நலம் பற்றிய கேள்விகளை மட்டும் மகள் கணினியில் பிரித்து வைத்திருந்தாள். தம்பி தன்னுடையதைக் குறித்துக் கொடுக்கட்டும், சந்தேகமானவற்றை மட்டும் ஒவ்வொருவரிடமும் தனியறையில் கேட்டுக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அழிக்கப்படும் என்று ஆய்வாளர் அம்மா விளக்கினார்.

"தனியறை எதுக்கும்மா? இந்த வீட்ல ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. இங்கேயே படிக்கட்டும்" என்றேன்.

வேண்டாம் ஐயா, கணவன் மனைவிக்குக்கூட நாங்கள் காட்டுவதில்லை என்றார் அவர். என் மனைவியும் தனியாகவே பார்த்துவிடலாமே என்று மெதுவாகச் சொன்னாள். நான் மகளைப் பார்த்துத் தலையசைத்தேன். ஆய்வாளர் அம்மா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மகள் படிக்க ஆரம்பித்தாள்.

முழங்கால் வலிக்கு நடப்பது நல்லதா, உட்கார்வது நல்லதா என்று கேட்டவள் தம்பி மனைவி. அப்பாவுக்குக் காது கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் படிக்கும்போது மகளுக்கே குரல் இறங்கிப்போனது. இது யாருடையது என்று கேட்கவே வேண்டாம் என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

அடுத்தது, சளி இல்லாமலே வாசனை தெரியாமல் போவது ஏன் என்ற கேள்வி. தம்பி கையைத் தூக்கினான்.

"அப்ப நான் வாங்கின சென்ட்டை எப்படி நல்லா இருக்குன்னு சொன்னீங்க?" என்றாள் அவன் மனைவி.

"பாட்டில் நல்லாத்தானே இருந்துச்சு."

பிறகு ஒரு கேள்வி வந்தது: கையெழுத்து வரவர ஏன் சிறிதாகிறது? தம்பி இல்லை என்றான். அவன் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே கோழி கிளறியதுதான். அடுத்தது: கணவர் தூக்கத்தில் கை காலை உதறுகிறார். எல்லோரும் தம்பி மனைவியைப் பார்த்தோம். அவளும் இல்லை என்று தலையாட்டினாள். அதற்கடுத்தது: கோபம் வராதபடி கணவரை மருத்துவரிடம் கூட்டிப்போவது எப்படி?

மகள் படிப்பதை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் கணவர் உள்ளவர்கள் இரண்டே பேர். என் மனைவி மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நாளா பாத்துட்டிருக்கேங்க. உங்ககிட்ட சொன்னா, தம்பிக்கு வந்ததுல நம்ம குடும்பத்துக்கு வந்த கெட்ட பேர் போதாதான்னு கத்துவீங்க. அதான் அதுகிட்ட கேட்டேன்."

நான் கத்தவில்லை. சம்மதத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். நான் வேலை பார்த்த துறைமுக அலுவலகத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு சரக்குப் பெட்டி வெளியே போனதில்லை. தாளின் பாதி அகலத்துக்கு நீளும் கையெழுத்து அது. அன்று முதல் எழுத்து ஒழுங்காக விழுந்தது. பிறகு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் எறும்பு ஊர்ந்தது போல முடிந்தது. எல்லோரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன்.

தம்பிதான் முதலில் பேசினான். "வெள்ளிக்கிழமை எனக்கு மருத்துவமனைல நேரம் குடுத்திருக்காங்கண்ணா. நீங்களும் வாங்க."

"துணைக்கு வர்றேன்" என்றேன்.

"சரி, துணைக்கே வாங்க."

ஆய்வாளர் அம்மா நாற்காலியை மறுபடி எங்கள் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். தம்பியுடையது அல்லாததை வழக்கப்படி அழித்துவிடுவதாகச் சொன்னார். என்னைப் பற்றிய அந்த மூன்று கேள்விகளை அழிக்க வேண்டாம், யாருக்காவது உதவுமென்றால் என் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கேட்டவர் உங்கள் மனைவி, அதனால் அவர்தான் சம்மதிக்க வேண்டும் என்று இன்னொரு தாளை எடுத்தார். பேனாவை நானே மூடி கழற்றிக் கொடுத்தேன். அவள் நிதானமாக, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நான் ஆய்வாளர் அம்மாவை வெளியே போகச் சொன்னதாகவும் தாளைக் கிழித்ததாகவும் உறவுக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். தாள் எதுவும் கிழியவில்லை. அவரை வாசல்வரை போய் வழியனுப்பியவன் நான். வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்கும் போனேன். தம்பிக்கு வந்ததுதான் எனக்கும், ஆரம்பநிலை. மாத்திரை சாப்பிடுகிறேன்.

அதைக் கணினி கண்டுபிடித்ததாக இன்னொரு பேச்சும் உலவுகிறது. தவறு. கண்டுபிடித்தவள் என் மனைவி.