முதல் தண்ணி

லேப்ல அவளுக்குப் பட்டப்பேரு தண்ணிக்காரி. கட்டடம் கட்டடமா ஏறி குழாய்த் தண்ணியப் புடிச்சு டெஸ்டுக்குக் கொண்டு வர்றது அவ வேலை. "குடிக்கிற தண்ணிங்க, நீங்க வேற எதுவும் நெனச்சுக்காதீங்க"ன்னு அவளே முந்திக்கிட்டு சொல்லிச் சிரிப்பா.

அன்னிக்கு வந்த எடம் தெரிஞ்ச எடம் தான். அவ அக்கா பொண்ணு சுண்டெலி யுகேஜி படிக்கிற ஸ்கூல். தினமும் ஸ்கூட்டில வெச்சு, வேற எந்தப் புள்ளையும் வர்றதுக்கு முன்னாடி இங்க எறக்கி விட்டுட்டு தான் இவ லேப்புக்கு ஓடுவா. இன்னிக்கு மட்டும் அக்கா கூட்டிட்டு வரட்டும்னு சொல்லிட்டு, விடியறப்பவே குப்பிப் பெட்டியோட வந்துட்டா. தண்ணியில ஈயம் இருக்கான்னு பாக்கணும்.

வராண்டா குழாய்ங்க அஞ்சு. ஒவ்வொன்னுலயும் ஒரு குப்பி. அஞ்சாவதப் புடிக்கும்போது தான் கையில ஏதோ உறுத்துச்சு. தண்ணி ஜில்லுனு வருது. ராத்திரி பூரா குழாய்ல தங்கின தண்ணி இப்படி இருக்காதே, கட்டடத்துச் சூடு அதுல ஏறி இருக்கணுமே! குனிஞ்சு பாத்தா, தொட்டி பூரா ஈரம்.

"அண்ணே, யாராச்சும் குழாயத் திறந்தீங்களா?"

வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரே பெருமை. "நான் தாம்மா! நீ வர்றேன்னு பிரின்சிபல் மேடம் சொன்னாங்க. எல்லாத்தையும் ஃபுல்லா திறந்து விட்டு நல்லா ஓட விட்டேன். விருந்தாளி வந்தா வீட்டக் கழுவ மாட்டோமா?"

"போச்சு போங்க!" தலையில கைய வெச்சுக்கிட்டா. "தூங்கி எழுந்த மூஞ்சியப் பாக்க வந்தா, நீங்க பவுடர் போட்டு நிறுத்தி இருக்கீங்களே! பழைய பைப்பு, ஜாயின்ட்ல பழைய ஈயப் பத்தவைப்பு. ராத்திரி முழுக்க தண்ணி சும்மா நின்னா தான் அதுலருந்து ஈயம் ஊறி எறங்கும். காலைல வர்ற முதல் தண்ணி தான் எனக்கு வேணும்."

"ஈயம்னா பாத்திரத்துக்குப் பூசுறது தானே? அது நல்லது தானம்மா?"

"அது வெள்ளீயம்ணே. இது காரீயம். பாத்தா தெரியாது, குடிச்சாலும் தெரியாது. சின்னப் புள்ளைங்க உடம்புக்குள்ள போச்சுன்னா வயித்த வலிக்கும், மூளையிலயே கை வெக்கும்."

அண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு. மெதுவா சொன்னாரு. "யுகேஜி ரூம் குழாய மட்டும் நான் தொடலம்மா. சாவி மிஸ்ஸுகிட்ட இருக்கு."

மிஸ்ஸு வந்து கதவத் திறக்குற வரைக்கும் இவ வாசல்லயே காவல் நின்னா. உள்ள எல்லாமே குட்டிக் குட்டி. முட்டி உசரத்துக்கு நாற்காலி, அதுக்குத் தோதா ஒரு தொட்டி, பழைய பித்தளக் குழாய். மண்டி போட்டு திறந்தா. அது ஒரு தரம் இருமிட்டு தான் தண்ணியே விட்டுச்சு. வெதுவெதுன்னு. கண்ணாடி மாதிரி சுத்தமா. ஆறாவது குப்பி நெறஞ்சுது.

லேப்ல மெஷின் அண்ணன் உக்காந்திருந்தாரு. மெஷின விட்டு நகராத மனுஷன், அதான் அந்தப் பேரு. முதல் அஞ்சு குப்பி சமத்தா பாஸாச்சு. ஆறாவதுக்கு நம்பர் வந்ததும், "ஏய் தண்ணிக்காரி, இது தண்ணியா இல்ல பேட்டரிக்கட சாக்கடையாடீ"ன்னு சிரிச்சாரு. மெஷினக் கழுவி மறுபடி ஓட்டுனாரு. அதே நம்பர். அனுமதிச்ச அளவ விட எத்தனையோ மடங்கு மேல. மூணாவது தடவ ஓட்டும்போது அவரு சிரிக்கல.

உடனே பிரின்சிபல் மேடத்துக்கு ஃபோன் போட்டா.

மேடம் பொறுமையா கேட்டுட்டு, "ஆறுல அஞ்சு பாஸா? ஃபர்ஸ்ட் கிளாஸ்மா"ன்னாங்க. "அந்த ஒரு குழாயக் கழட்டிடலாம். முடிஞ்சுது கதை."

"மேடம், அந்த அஞ்சு கணக்குலயே வராது. முன்னாடியே திறந்து விட்ட தண்ணி. எல்லாம் ஒரே பைப்பு. யாரும் தொடாம இருந்தது அந்த ஒன்னு தான், அது என்ன சொல்லுதோ அது தான் நெசம். எல்லாக் குழாயும் மூடணும். நான் மறுபடி புடிக்கணும்."

"பெத்தவங்க காதுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியுமா? உன் அக்கா பொண்ணும் இங்க தானே படிக்குது." கொஞ்சம் நிறுத்துனாங்க. "நல்லாப் படிக்கட்டும். நீ ரிப்போர்ட்டப் பாத்து எழுதும்மா."

"அஞ்சும் செல்லாதுன்னு தான் மேடம் எழுதப் போறேன்." சொல்லிட்டு வெச்சுட்டா.

ஸ்கூட்டிய ஓட்டிட்டு வீட்டுக்குப் போறப்ப தான் அந்தக் கேள்வி வந்து மண்டையில உக்காந்துச்சு. இன்னிக்கு அந்த முதல் தண்ணி என் குப்பிக்குள்ள வந்துச்சு. மத்த நாளெல்லாம் அது எங்க போச்சு?

வீட்ல சுண்டெலி சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. மடியில அவ தண்ணி பாட்டிலு. தட்டுல வெச்சது வெச்ச மாதிரியே இருந்துச்சு.

"மறுபடி வயித்து வலியாம், சாப்புட மாட்டேங்குறா"ன்னா அக்கா. "ஆனா ஒன்னு சொல்லணும்டீ, இந்த வருஷம் புள்ள எவ்ளோ அடங்கிட்டா பாரு! போன வருஷம் வால அறுத்து விட்ட குரங்கு. இப்ப சொன்ன எடத்துல சொன்னபடி உக்காந்திருக்கு. மிஸ்ஸுகூட மெச்சுறாங்க."

இவ பைய அப்படியே போட்டுட்டு, புள்ள பக்கத்துல போய் உக்காந்தா.

"சுண்டெலி, ஸ்கூல்ல பாட்டில்ல தண்ணி எங்கடா புடிப்ப?"

"எங்க ரூம்ல."

"லைன்ல நின்னா?"

"நான் எதுக்கு நிக்கணும்? நான் தான் டெய்லி ஃபர்ஸ்ட்டு." ரொம்ப மெதுவா சொல்லுச்சு, பேசுறதே பாரம் மாதிரி. "நீ தானே சித்தி என்ன எல்லாருக்கும் முன்னாடி கொண்டு போய் விடுற."

சொல்லிட்டு மூடியத் திறந்து பாட்டில வாய்க்குக் கொண்டு போச்சு.

சித்தி பாஞ்சு புடுங்குனா. தண்ணி பாவாடையெல்லாம் கொட்டிப் போச்சு.

"ஏன்டீ, பைத்தியமாடீ ஒனக்கு!"ன்னு அக்கா அடுப்படிலருந்து ஓடி வந்தா.

"கெளம்புக்கா. புள்ளையத் தூக்கு. இப்பவே ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

முன்னெல்லாம் இந்தப் புள்ள கையிலருந்து ஒரு பென்சிலப் புடுங்குனாலே போதும், வீட்டையே ரெண்டாக்கிடுவா. தெருமுனை வரைக்கும் சத்தம் கேக்கும். ரெண்டு பேரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு அந்த அழுகைக்காகவே நின்னாங்க.

சுண்டெலி அழல. ஈரமான பாவாடையோட, காலியான கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சு.