சாதாச் சளி

ஐஸ்பெட்டியைக் கூடத்தில் இறக்கி, பிளக்குக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் துளசிராமன். அவன் மனைவி முத்தம்மா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு வாய் காபி குடி அண்ணி," என்றாள் நாத்தனார் கல்பனா.

முத்தம்மா தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் இருமல் வந்துவிடும்.

வாசலில் மகன் அன்புசெல்வன் போனில் கத்திக்கொண்டிருந்தான். "ரத்தத்துல புத்துநோயி, சரி சார். மருந்து ஏத்தி நல்லா வந்துகினு இருந்தாரே! தனி ரூம்ல வெச்சிருந்தவருக்கு நெஞ்சுல எப்டி கிருமி பூந்துச்சி? அந்த நர்ஸு பிரின்சிதான். மூக்க உறிஞ்சிக்கினே ஊசி போட்டுச்சி."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அந்தப் பிரின்சிதான் முத்தம்மாவை அறைக் கதவருகே நிறுத்திக் கேட்டாள். "சளி, இருமல் இருக்காம்மா? அவருக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல. நமக்கு சாதா சளி, அவருக்கு உசுரே போயிடும்."

"ஒன்னியும் இல்ல சிஸ்டர்."

காய்ச்சல் மாத்திரையை ரயிலிலேயே விழுங்கியிருந்தாள். வராமல் எப்படி இருப்பது? நீ ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும் என்று முந்தின நாள் துளசிராமன் போனில் அழுதிருந்தான்.

"மாஸ்க்க எறக்கு புள்ள. உன் மூஞ்சியப் பாத்து எத்தினி நாளாச்சி," என்றான் உள்ளே.

"சிஸ்டர் திட்டும்."

"திட்டட்டும். ஒரே ஒரு தபா."

இறக்கினாள். அவன் சிரித்தான். அவளுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா?"

"தூசி."

புதன்கிழமை அவனுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மூச்சுக் குழாய். இன்று காலை ஏழு மணிக்கு அதையும் எடுத்துவிட்டார்கள்.

அன்புசெல்வன் போனோடு உள்ளே வந்தான். "யம்மா, பெரிய டாக்டர் லைன்ல கீறாரு. அந்த நர்ஸு மூக்க உறிஞ்சினத நீயும் பாத்தல்ல? சொல்லு. அத வேலைய வுட்டே தூக்கணும்."

முத்தம்மா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"அடப்பாவி! அழுதழுது தொண்ட கட்டிக்கினு கெடக்குறா, அவளாண்ட போயி சாட்சி கேக்குறியே," என்றாள் கல்பனா. "நானுந்தான ஒரு நாள் பாத்தேன். குடு, நான் சொல்றேன்."

முத்தம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னா அண்ணி? தண்ணி வேணுமா?"

எல்லோரும் பார்த்தார்கள். முத்தம்மா மெல்லப் பிடியை விட்டாள்.

கல்பனா போனைக் காதில் வைத்தாள். "ஆமா சார், என் கண்ணால பாத்தேன்..."

மகனின் ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து முத்தம்மாவின் மடியில் ஏறியது. தோளைப் பிடித்து எழுந்து நின்று, எச்சில் கையால் அவள் வாயைத் தடவியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.