தலைநகருக்கு இருபத்தோரு ஓட்டு

சுதந்திர இந்தியாவின் தலைநகருக்காகச் மலாயாவில், செமோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் முதலில் விழுந்தது சீனியின் முன்பல். ரத்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

பல்லைத் தட்டியவன் ஐயாவு. டில்லி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பது அவன் கட்சி. தலைநகரைக் கழற்றித் தெற்கே கொண்டு வா என்பது பத்துமலை கட்சி. சீனி எந்தக் கட்சியும் இல்லை. சண்டைக்கு நடுவில் புகையிலை கேட்க வந்தவன்.

பத்துமலை கட்டியிருந்தது ஐயாவின் தங்கை செல்லாயியை. ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை இருந்தது. ஐயாவு மழை வரும் என்றால் பத்துமலை துணியை வெளியே காயப்போடுவான். துணி நனைந்தால், வந்தது மழையே இல்லை, தூறல் என்பான்.

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்ததால் ஏழு மணி அடித்தும் சூரியன் வராமல் இருந்தது. கித்தா என்கிற ரப்பர்ப் பாலை வாங்க ஆளில்லை. மரத்துக்கு மரம் இடையில் மரவள்ளி நட்டார்கள், அதையே மூன்று வேளையும் தின்றார்கள். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சயாம். அங்கே காட்டுக்குள் ரயில் போட, சித்திரையில் இந்த எஸ்டேட்டிலிருந்து இருபது ஆண்களை லாரியில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தவன் ஒருவன். காலில் எலும்பு தெரிய வந்தவன், எட்டாம் நாள் செத்தான். சாவதற்குள் அங்கே நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் செத்தான்.

இந்த மாதம் மறுபடி இருபது பேர் வேண்டும் என்று எஸ்டேட் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிக்குக் கடுதாசி வந்திருந்தது.

செல்லாயிக்கு ஒன்பது மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. அவள் பத்துமலையின் கையைத் தன் வயிற்றில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "லாரி வந்தா மரப்பாலம் கடகடன்னு கத்தும். கேட்ட ஒடனே ஓடணும். திரும்பிப் பாக்கக்கூடாது. நேரா சதுப்புக்குள்ள எறங்கிரணும். நீ சயாமுக்குப் போனா நான் இதப் பெத்து என்னா செய்ய?"

"ஓடிருவேன் புள்ள," என்றான் பத்துமலை. நிஜமாகவே ஓடுவதாகத்தான் இருந்தான்.

தலைநகர் விவகாரத்தைக் கிளப்பியவர் முருகப்பன் செட்டியார். ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்தவர். குண்டு விழுந்த வாரத்தில் கடையைப் பூட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்கு வந்தார். கடை எரிந்துவிட்டது, பூட்டுக்கு மட்டும் சேதமில்லை என்று கேள்வி. இந்திய விடுதலைச் சங்கத்தின் எஸ்டேட் கிளைக்கு அவர்தான் செயலாளர். கிளைக்கு ஒரு கொடி இருந்தது, ஒரு பெஞ்சு இருந்தது, வேலை மட்டும் இல்லை. சூடாக ஒரு தீர்மானம் போட்டு அனுப்பினால் ஈப்போவில் தன்னைக் கூப்பிட்டுப் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

"நாளைக்கே சுதந்திரம் வந்துருதுன்னு வைங்க," என்றார் கூட்டத்தில். "தலைநகரம் எங்கன வைக்கிறது? நாம வாயத் தொறக்கலைன்னா வடக்கத்தியான் அவனுக்குள்ளயே முடிச்சுக்குவாங்கிறேன்."

"அதான் டில்லி இருக்கே," என்றான் ஐயாவு.

பத்துமலைக்கு அதுவரை இந்த விஷயத்தில் அபிப்பிராயமே இல்லை. இப்போது வந்துவிட்டது.

"ஏன் மச்சான் டில்லி? படையெடுத்து வந்தவன் எல்லாம் அங்கதான் போயி ஒக்காந்தான். திருடனுக்குத் தெரிஞ்ச வீட்டுலயே மறுபடி பெட்டிய வைப்பியா? திருச்சியில வையி. மல மேல கொடி. எவன் வந்தாலும் மூணு நாளு நடக்கணும்."

"திருச்சிய நீ பாத்துருக்கியா?"

"டில்லிய நீ பாத்துருக்கியா?"

இரண்டு பேரும் பிறந்தது கூலிக்காரர்களின் வரிசை வீடான இதே லயத்தில், நாலு கதவு தள்ளி. தாண்டிப் போன தூரம் லூமுட் வரைக்கும்தான்.

"மாத்துறது ஒண்ணும் புதுசு இல்ல," என்றார் செட்டியார், இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டபடி. "வெள்ளக்காரனே கல்கத்தாவுலேருந்து டில்லிக்கு மாத்தினான். நம்ம பேரா மாநிலத்துக்குத் தைப்பிங்குதான் தலைநகரமா இருந்துச்சு, ஈப்போவுக்கு மாத்தல? யாரு செத்தா?"

"மாத்தலாம்," என்றான் ஐயாவு. "புதுசா கட்டணும்ல? கல்லு ஒடைக்க, மண்ணு சொமக்க யாரக் கூப்புடுவான்? செட்டியாரையா? நம்மளத்தான் லாரியில ஏத்துவான். சயாமு பத்தலையா ஒனக்கு?"

நல்ல வாதம். பத்துமலைக்கே உள்ளுக்குள் பிடித்திருந்தது. அதனால்தான் ஐயாவின் சட்டையைப் பிடித்தான். அந்த நேரத்தில்தான் சீனி புகையிலை கேட்டான்.

அடுத்த நாள் தெற்குக் கட்சிக்குள்ளேயே அடிதடி. மதுரைதான் என்றார்கள் சிலர், சேலம் என்றார்கள் சிலர். திருச்சி என்று முடிவாவதற்குள் மூன்று மண்டை உடைந்தது. மூன்றுக்கும் ஒரே வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியில் ஐயாவு பத்துமலையின் தலையை அமுக்கிப் பிடித்து, "டில்லின்னு சொல்லு," என்றான். தண்ணீருக்குள் இருப்பவன் எதையும் சொல்ல முடியாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பத்துமலை அவன் முன்கையைச் சதை கிழியக் கடித்தான். செல்லாயி வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து இரண்டு பேர் மயிரையும் இரண்டு கையில் பிடித்து இழுத்துப் பிரித்தாள்.

"அந்த ஊருல எவனாச்சும் ஒங்களக் கேட்டானாடா? ஒரு கடுதாசி போட்டானா?"

"நீ சும்மா இரு, இது அரசியல்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

இனி ஓட்டெடுத்துவிடலாம் என்றார் செட்டியார். எப்படி எடுப்பது என்று ராஜு கங்காணியிடம் கேட்டார்கள்.

"இதுல என்னா இருக்கு? காலைல பெரட்டுல ரெண்டு வரிசையா நில்லுங்க. எண்ணிப்புடுறேன்."

பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் ஆளெண்ணும் இடம், நேரம், பயம் எல்லாம்தான். ராஜு இருபத்தைந்து வருஷமாக எண்ணுகிறவர். அவர் எண்ணும்போது யாரும் அசையக்கூடாது. அசைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து, அசைந்தவன் முதுகில் பிரம்பு. அப்பன் செத்த சேதி வந்தாலும் எண்ணி முடித்தபிறகுதான் அழலாம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார், பிரம்பு முறிந்துவிட்டது, ஆனால் நாற்பத்தோரு ஆண்களின் முதுகுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

மறுநாள் விடியும் நேரத்தில் எல்லாரும் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். இடது பக்கம் டில்லி, தலைப்பில் ஐயாவு. வலது பக்கம் திருச்சி, தலைப்பில் பத்துமலை. கண்ணால் பார்த்தபோது சமமாகத் தெரியவே, பத்துமலை லயத்துக்கு ஓடி, மலேரியாவில் கிடந்த அர்ச்சுனனை முதுகில் தூக்கி வந்து வரிசைக் கடைசியில் நிறுத்தினான். அர்ச்சுனன் நடுங்கிக்கொண்டே எதற்கு நிற்கிறோம் என்று கேட்டான். தலைநகருக்கு என்றார்கள். சரி என்று நின்றான்.

ராஜு டில்லியை எண்ணி முடித்தார். இருபது. திருச்சிப் பக்கம் திரும்பி, "ஒண்ணு, ரெண்டு," என்று ஆரம்பித்தார்.

எட்டு என்று சொல்லும்போது மரப்பாலம் கத்தியது.

பத்துமலையின் குதிகால் எழுந்தது. லயத்து முனையிலிருந்து செல்லாயி, "ஓடுங்க! ஓடு மாமா!" என்று அலறினாள். சதுப்பு இருநூறு அடிதான். ஆனால் ராஜு ஒன்பது என்று சொல்லிவிட்டார். போனால் எண்ணிக்கை கெட்டுவிடும். ஒரு தலை குறைந்தால் ஜெயிப்பு போய்விடும். எதிரே ஐயாவு அசையாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் அவன் ஓடட்டும் என்று பத்துமலை நின்றான். ஐயாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். நாற்பத்தோரு பேரும் அடுத்தவன் ஓடுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். லாரியின் சத்தம் முதுகுக்குப் பின்னால் பெருகிக்கொண்டே வந்தது. ராஜுவின் கணக்குப் பிசகவில்லை.

"இருபத்தொண்ணு," என்றார். லாரி நின்றது.

ஒரு மூச்சு இழுக்கும் நேரம் பத்துமலைக்குச் சந்தோஷமாக இருந்தது.

சிப்பாய்கள் ஆறு பேர் துப்பாக்கியோடு குதித்தார்கள். அதிகாரி குள்ளமானவன், காலணி முழங்கால் வரைக்கும். அவன் பல எஸ்டேட் பார்த்தவன். எங்கு போனாலும் ஆட்களைக் கட்டிலுக்கடியிலிருந்தும் மரத்தின் மேலிருந்தும்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இங்கே இரண்டு வரிசையாக, எண்ணப்பட்டு, மண்வெட்டியோடு நிற்கிறார்கள். அவன் சந்தேகப்பட்டான். இது என்ன என்று அரைகுறை மலாயில் செட்டியாரைக் கேட்டான். செட்டியார் இடுப்பு வரை குனிந்து, தலைநகரம் எது என்று ஓட்டெடுக்கிறோம் என்றார்.

தலைநகரம் டோக்கியோ என்று அதிகாரி நினைத்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் விழுந்த முதல் அறையில் செட்டியார் மூக்குக் கண்ணாடியை இழந்தார். இரண்டாவதில் ஒரு காது கேட்காமல் போனது. பிறகு துப்பாக்கிக் கட்டையால் விலாவில். கீழே விழுந்தவர் மடியிலிருந்து கடைச் சாவி தெறித்தது.

எந்த வரிசை பெரிது என்று கேட்டான். ராஜு கைகாட்டினார். அவர் தொழில் அது.

"நைக்! நைக்!" என்று அதிகாரி லாரியைக் காட்டினான். ஏறு என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த மலாய். சிப்பாய்கள் துப்பாக்கி முனைக் கத்தியால் திருச்சிக்காரர்களின் இடுப்பில் குத்தித் தள்ளினார்கள். கத்தி ஏறிய ஒருவன் ஓலமிட்டான். லயத்தில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். செல்லாயி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பத்துமலை அவளைப் பார்த்தான், சதுப்பைப் பார்த்தான், லாரியின் படியில் ஒரு காலை வைத்தான். மற்ற கால் வரவில்லை.

அப்போது டில்லி வரிசை உடைந்தது. ஐயாவு ஓடி வந்தான்.

"நோயாளியத் தூக்கிட்டு வந்தா ஓட்டு வாங்குற? திருட்டு நாயே!"

மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால், தரையில் ஊன்றியிருந்த பத்துமலையின் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்தான். காய்ந்த கித்தாக் கிளை முறிவது போலச் சத்தம் கேட்டது. பத்துமலை விழுந்தான். ஐயாவு நிறுத்தவில்லை. அதே இடத்தில் இன்னொரு அடி. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது.

"இப்ப சமம்டா மச்சான்," என்றான் குனிந்து. மூச்சு வாங்கியது. முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று பார்க்கும் நிலையில் பத்துமலை இல்லை.

சிப்பாய்கள் ஐயாவைக் கட்டையால் அடித்துத் தள்ளினார்கள். அதிகாரி வந்து காலணியால் பத்துமலையின் காலை மிதித்துப் பார்த்தான். பத்துமலை போட்ட அலறலில் திருப்தியடைந்து, இவன் வேண்டாம் என்று கையசைத்தான். லாரியில் எண்ணினான். அர்ச்சுனன் நிற்க முடியாமல் சரிந்திருந்தான். அவனை மேலிருந்தே உதைத்துக் கீழே தள்ளினார்கள். பத்தொன்பது.

அதிகாரி திரும்பி ஐயாவைப் பார்த்தான். நெற்றியிலிருந்து ரத்தம் வழிய எழுந்து நின்றுகொண்டிருந்தான். நல்ல தோள். இரண்டே அடியில் எலும்பை முறிக்கிற கை. ரயில் பாதைக்கு வேறென்ன வேண்டும்?

ஐயாவைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அவனே ஏறினான். ஏறும்போது தங்கை பக்கம் பார்க்கவில்லை. லாரி திரும்பியது, மரப்பாலத்தைக் கடந்தது, மரங்களுக்குப் பின்னால் போயிற்று.

செல்லாயி எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தாள். புருஷன் கிடந்த இடத்தில் மண்டியிட்டாள். ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். பிறகு சேலைத் தலைப்பைப் பல்லால் கிழித்து, கிடந்த மண்வெட்டிக் காம்பை அவன் காலோடு சேர்த்து வைத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

"புள்ள," என்றான் பத்துமலை, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒங்கண்ணன் வேணும்னுதான்…"

"வாயத் தொறந்த," என்றாள் செல்லாயி, முடிச்சை இழுத்து இறுக்கியபடி, "இன்னொரு காலையும் ஒடைப்பேன்."