பதினேழு தவளைக் குஞ்சுகள்

வெள்ளைத் தவளைக்கு நாக்கு கிடையாது. மண்புழுவைப் போட்டால் முன்கை இரண்டாலும் அள்ளி வாய்க்குள் திணித்துக்கொள்ளும். இரை பெரிதாக இருந்தால் வாயால் கவ்விப் பிடித்து, பின்காலைத் தூக்கி, விரல் நுனி நகங்களால் உதைத்து உதைத்துக் கிழிக்கும். கிழிந்த துண்டுகள் கண்ணாடித் தொட்டி முழுக்க மிதக்கும். பிறகு அவற்றையும் ஒன்று விடாமல் தேடித் தின்னும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது என் மகள் துத்துல் கைகொட்டிச் சிரித்தாள்.

"மா, இங்க வந்து பாரு! பிஷி கல்யாண வீட்ல சாப்பிடற மாதிரியே!"

பிஷி என்றால் அவள் அத்தை, என் கணவன் ஹிமாத்ரியின் அக்கா ஷெஃபாலி. கிருஷ்ணநகரில் இருக்கிறாள்.

"அக்கா காதுல விழுந்தா உன்னையே தின்னுடுவா," என்றான் ஹிமாத்ரி.

அந்த இரண்டு தவளைகளையும் பாக்பஜார் கால்வாய்க் கரையோரத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து அவன் வாங்கி வந்தது பிப்ரவரியில், துத்துலின் கையிலிருந்து மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள். இடது கைச் சுண்டுவிரல். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடம் சொன்னோம். டாக்டர் துத்துலைப் பார்த்தார். அவளும் "கதவு" என்றாள். ஒன்பது வயதில் அவ்வளவு சரளமாக.

கதவு நான்தான். லூச்சிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பரீட்சைத் தாளைப் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, இன்னும் தரவில்லை என்று பொய் சொன்னாள். கையில் பூரிக்கட்டை இருந்தது. "இனிமே செய்வியா? செய்வியா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தேன். பதில் சொல்ல இடம் விடாத கேள்வி அது.

அன்று சாயங்காலம் ஹிமாத்ரி குரலை உயர்த்தவில்லை. "மந்திரா, இன்னொரு தடவை இவ மேல உன் கை பட்டுதுன்னா, கிருஷ்ணநகர்ல கொண்டுபோய் விட்டுடுவேன். அங்கயே படிக்கட்டும். உன்னைக் கேக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன்.

என்னை என் அம்மா அடித்ததில்லை. அப்பாவும் இல்லை. காரணம் என்று எடுத்துக் காட்ட ஏதாவது கிடைக்குமா என்று எனக்குள் நெடுநாள் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. கோபம் என்பார்கள். கோபம் முதல் அடி வரைக்கும்தான். அதற்குப் பிறகு உள்ளே ஒரு நிசப்தம் வரும். காதில் எதுவும் விழாது. கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நான் பயந்தது கோபத்துக்கு அல்ல, அந்த நிசப்தத்துக்கு. அது எனக்கு இதமாக இருந்தது.

ஏழு மாதம் கையை அடக்கி வைத்தேன். கை பரபரக்கும் நாட்களில் பையை எடுத்துக்கொண்டு மீன் சந்தைக்குப் போவேன்.

"வெட்டித் தரவா, அண்ணி?" என்பான் மீன்காரன்.

"வேணாம். உயிரோட குடு."

"ஊரே வெட்டிக் குடுங்குது, அண்ணி நீங்க மட்டும்தான் உயிரோட கேக்கறீங்க. வீட்ல யார் மேல கோபம்?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து, வழுக்கும் கெளுத்தியின் மேல் சாம்பலைத் தூவி, தலையைச் சிமெண்டுத் தரையில் வைத்து அம்மிக் குழவியால் அடிப்பேன். ஒரு அடியில் சாகாது. அரிவாள்மணையில் தலை தனியாகப் போன பிறகும் உடல் துடித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு துத்துல் பாலைக் கொட்டினாலும், புத்தகத்தைத் தொலைத்தாலும், என்னால் சாதாரணமாகப் பேச முடிந்தது.

ஜூன் மாதம் முதல் மழை பெய்த வாரம், தொட்டிக்குள்ளிருந்து கடிகாரம் ஓடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. ஆண் தவளை பெண்ணின் இடுப்பைக் கட்டிப்பிடித்தது. பிடித்தால் விடவில்லை. ஒரு பகல் முழுக்க. பெண் கண்ணாடியில் மோதியது, கூழாங்கற்களில் புரண்டது, உதறியது. மறுநாள் விடிந்தபோது கண்ணாடியிலும் செடிகளிலும் முட்டைகள். முட்டையிட்ட பெண்ணே அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்வித் தின்றுகொண்டிருந்தது.

துத்துல் அலறிக்கொண்டு ஓடிவந்து, மிச்சமிருந்தவற்றைப் பழைய பரீட்சை அட்டையின் விளிம்பால் சுரண்டி ஒரு வாளியில் சேர்த்தாள்.

தலைப்பிரட்டைகள் வந்தன. கண்ணாடிபோல் உடம்பு. தலை கீழே, வால் மேலே, நீரில் சாய்வாகத் தொங்கிக்கொண்டு வாயால் நீரை இழுத்து இழுத்து விடும். இதயம் துடிப்பது வெளியே தெரியும். பசலைக்கீரையை வேகவைத்து, துணியில் பிழிந்து, அந்தப் பச்சைச் சாற்றைத் துளித்துளியாக விடுவாள் துத்துல். குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் வெயிலில் வைத்துத்தான் மாற்றுவாள். நிறைய செத்தன. செத்ததைக் கரண்டியால் எடுத்துத் துளசித் தொட்டியில் புதைப்பாள். பின்கால் முளைத்தது. பிறகு ஒருநாள் தோலைக் கிழித்துக்கொண்டு முன்கை வெளியே வந்தது. அந்த நாட்களில் அவை எதையும் தின்னவில்லை. வாய் புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது. தங்கள் வாலையே உள்ளுக்குள் கரைத்து உயிர் வாழ்ந்தன.

ஆகஸ்டு பிறந்தபோது பதினேழு தேறியிருந்தன. கட்டைவிரல் நகம் அளவு, வால் இல்லாத, முழுத் தவளைகள்.

"வாளியில எவ்வளவு நாள் வெப்பே? தொட்டியில விட்டுடேன். அம்மா கூட இருக்கட்டும்," என்றேன்.

துத்துல் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "மா, தின்னுடும்."

"பெத்தவ தின்பாளா?"

"தவளைக்கு எது தன் பிள்ளைன்னு தெரியாது. வாய்க்குள்ள போற அளவுல இருந்தா இரை. அவ்வளவுதான்."

"பெரிய வாத்தியாரம்மா!" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. துத்துல் ஓவிய வகுப்புக்குப் போயிருந்தாள். குஞ்சுகளுக்கென்று ஒரு சின்னத் தொட்டி பார்த்து வர ஹிமாத்ரி சந்தைக்குப் போயிருந்தான். வாளி நாறிக்கொண்டிருந்தது. சமையலறை வரைக்கும் அழுகல் வாடை. கழுவி வைக்கலாம் என்று எடுத்தேன். நல்லது செய்யத்தான் எடுத்தேன், அதுவரை சந்தேகமில்லை. கழுவி முடியும் வரை குஞ்சுகளை எங்கே விடுவது? பாத்திரங்கள் இருந்தன. குழம்புச் சட்டி இருந்தது, குளியலறைக் குவளை இருந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தொட்டியிடம் போனேன்.

காலையில்தான் பெரியவற்றுக்கு மண்புழு போட்டிருந்தது. வயிறு நிறைந்திருக்கும், ஐந்து நிமிடம்தானே என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். துத்துல் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுமா என்ற எரிச்சலும் கூடவே இருந்தது. பதினேழையும் சாய்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. குஞ்சுகள் சிதறி அடியில் போய் அமர்ந்தன. பெரியவள், அந்தத் தாய்த் தவளை, அசையாமல் கிடந்தாள். பிறகு ஒரு குஞ்சு மூச்செடுக்க மேலே வந்தது. பெரியவள் எழும்பியதை நான் பார்க்கவே இல்லை. வாயிலிருந்து இரண்டு சின்னக் கால்கள் தொங்கியதைத்தான் பார்த்தேன். அவள் கைகளால் அந்தக் கால்களையும் உள்ளே தள்ளினாள்.

தவளைகளை அள்ளும் சின்ன வலை பக்கத்து ஆணியில் தொங்கியது. என் கைக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்.

நான் அதை எடுக்கவில்லை.

இரண்டாவதை ஆண் பிடித்தது. ஒரு பாதி அதன் வாயிலும் மறு பாதி பெரியவளின் வாயிலும் மாட்டிக்கொள்ள, இரண்டும் நகங்களால் உதைத்துக் கிழித்தன. நீரில் புகைபோல ஒரு சிவப்பு எழுந்து கரைந்தது. மற்ற குஞ்சுகள் கூழாங்கற்களுக்கு இடையில் பதுங்கின. ஆனால் மூச்சுக்காக ஒவ்வொன்றும் மேலே வந்துதான் ஆக வேண்டும். பெரியவளுக்கு அது தெரிந்திருந்தது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கைகளை விரித்துக் காத்திருந்தாள்.

அந்த நிசப்தம் வந்திருந்தது. தெருவில் ரிக்‌ஷா மணி இல்லை, மேல்வீட்டு ரேடியோ இல்லை. ஏழு மாதமாக மீன் தலைகளை உடைத்தும் வராதது, இங்கே கையைக்கூட அசைக்காமல் நின்றபோது வந்தது. தவளை அடிக்கிறது, நான் அடிக்கவில்லை. அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. துத்துல் அழுவாள் என்று தோன்றியது. அழட்டும் என்றும் தோன்றியது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

வலையை எடுத்தபோது நான்குதான் மிச்சம்.

அவற்றை ஒரு ஊறுகாய் ஜாடியில் விட்டு முடிக்கவும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. துத்துல் வந்தாள். மூக்கில் நீலச் சாயம், கையில் பரீட்சை அட்டை. ஜாடியைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்திருந்த வாளியைப் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் எங்க, மா?"

"வாளி கழுவறப்போ கை நழுவிடுச்சு. சாக்கடைல போயிடுச்சுடா கண்ணு."

"பதிமூணும்?"

"ஆமா."

அவள் தொட்டியிடம் போனாள். பெரியவளின் வயிறு பந்துபோல் உப்பியிருந்தது. அப்போதும் அது வாயில் எதையோ திணித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சின்னக் கை தெரிந்தது. விரல்கள் விரிந்திருந்தன.

துத்துல் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். வழுக்கும் அந்த உடம்பை எப்படிப் பிடித்தாள் என்று தெரியவில்லை. தரையில் அறைந்தாள். தவளை துள்ளியது. மண்டியிட்டு, பரீட்சை அட்டையின் விளிம்பால் அடித்தாள்.

"இனிமே செய்வியா? செய்வியா?"

சத்தமாக இல்லை. அழவும் இல்லை. முகத்தில் எந்த அசைவும் இல்லை. "செய்வியா? செய்வியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. தவளையின் கால்கள் உதைத்தன, பிறகு நடுங்கின, பிறகு நின்றன. வயிறு பிளந்து, தின்றதெல்லாம் தரையில் வந்தது. அதன் பிறகும் அவள் நிறுத்தவில்லை.

அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை. அடிக்கிற நேரத்தில் யார் கண்ணாடி பார்க்கிறார்கள்? ஆனாலும் அது யாருடையது என்று உடனே தெரிந்தது.

"விடு! துத்துல், விடு!" அவள் தோளைப் பற்றி இழுத்தேன். அவள் திரும்பிய வேகத்தில் அட்டை என் வாயில் பட்டது. உதடு கிழிந்தது. பட்டதா, அடித்தாளா, தெரியாது. என் வலது கை தானாக மேலே போயிற்று.

அவள் நகரவில்லை. கண்ணையும் மூடவில்லை.

"அடி," என்றாள். "பாபா வீட்ல இல்ல. அடி, மா. சாக்கடைன்னு நானும் சொல்றேன்."

கை மேலேயே நின்றது. அது இறங்க விரும்பியது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த நிசப்தம் மறுபடி வருவது காதுக்குள் கேட்டது. அன்பு என்னைத் தடுத்தது என்று சொல்ல ஆசைதான். தடுத்தது பயம். இந்த அடியோடு நிற்காது என்று என் கைக்குத் தெரிந்த பயம். அலமாரி மேலிருந்த போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடி, உள்ளே தாழிட்டுக்கொண்டேன்.

கிருஷ்ணநகரில் மணி நெடுநேரம் அடித்தது.

"என்னடி, ஞாயித்துக்கிழமை அதிசயமா! இன்னிக்கு இங்க மட்டன்..." என்று ஆரம்பித்தாள் ஷெஃபாலி.

"தீதி, துத்துலை வந்து கூட்டிட்டுப் போ. இன்னிக்கே."

அவள் குரல் மாறியது. "அடிச்சியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அடிக்கப் போறேன். இப்ப பாத்ரூம்ல என்னைப் பூட்டி வெச்சிருக்கேன். அவ வெளில நிக்கறா."

"ஹிமு எங்க?"

"சந்தைக்குப் போயிருக்கான். அவன் வந்தா, தவளைக்காகவா இவ்வளவுன்னு சொல்லிடுவான். நீ வா. பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்துக்க. நான் வந்து அழைச்சாலும் அனுப்பாத."

"உளறாதடி."

"உளறல, தீதி. அவ பதினேழு குஞ்சு வளர்த்தா. நான் தின்ன விட்டுட்டு நின்னு பார்த்தேன். வலை பக்கத்துலயே இருந்துது." கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

ஹிமாத்ரி சின்னத் தொட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அவன் குரல் கேட்ட பிறகுதான் நான் தாழைத் திறந்தேன். தரையைப் பார்த்தான். என் உதட்டைப் பார்த்தான். "யாரு?" என்றான். "நான்தான், பாபா," என்றாள் துத்துல். அவன் துணி எடுத்துத் துடைத்தான். ஷெஃபாலி வருகிறாள் என்று நான் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். என்னைச் சமாதானம் செய்ய வேண்டாம் என்று. அவனுக்குப் புரிந்தது.

ஐந்து மணிக்கு ஷெஃபாலி வந்தாள். துத்துல் பையைத் தானே கட்டி வைத்திருந்தாள். பாடப்புத்தகங்கள், இரண்டு ஃபிராக், மண்புழு டப்பா. ஜாடியின் வாயில் துணி கட்டியிருந்தாள். என்னிடம் உதவி கேட்கவில்லை.

வாசலில் நின்று செருப்பு வாரை மாட்டியபடி சொன்னாள். "மா, இன்னிக்கு நீ அடிக்கல."

என்னைத் தேற்றுகிறாள் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று. அதுதான் என்னைக் கொன்றது.

"அடிக்கத்தான் இருந்தேன்," என்றேன்.

"தெரியும்."

ஷெஃபாலி ஜாடியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். துத்துல் கொடுக்கவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல், ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூன்று மாடி. கடைசிப் படி வரைக்கும் நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவள் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.