குமிழிக்கு விட்ட இடம்

காலையிலிருந்து கெமிஸ்டுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுவி வைத்திருந்த குடுவையையே மறுபடி கழுவினாள். நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளைப் போல நிதானமான ஆள் கிடையாது என்று பெயர். பெயர் எடுப்பதற்குத்தான் வருடங்கள் வேண்டும், கெடுத்துக்கொள்ள ஒரு காகிதம் போதும். அந்தக் காகிதம் மேசை மேல் கிடந்தது.

வினை போன வாரமே வந்துவிட்டது. ஒப்பந்தம் மாறி, தண்ணீர்க் குப்பிகள் புதிய ஆய்வகத்துக்குப் போயிருந்தன. அங்கிருந்து ஒரு பெண் அழைத்தாள். "மேடம், குப்பியில மேல காத்து நிக்குது. இதை எடுத்துக்க மாட்டோம். விளிம்பு வரைக்கும் ரொப்பி, ஒரு பொட்டுக் குமிழி இல்லாம அனுப்புங்க."

பழைய ஆய்வகம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கிருமிச் சோதனைக்கு நீர் எடுக்கும்போது, குலுக்குவதற்காக மேலே ஒரு விரல் அகலம் இடம் விட வேண்டும். அவளுக்கு அது கைப்பழக்கம். மூன்று வருடங்களாக எல்லாக் குப்பியையும் அப்படியே நிரப்பித் தொலைத்திருக்கிறாள். ஆனால் இது கிருமிக்கான சோதனை இல்லை. ஆற்றில் ஊறிய இலைதழைச் சாறோடு குளோரின் சேர்ந்தால் வேறொன்று உண்டாகிறது. ஒருநாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, வருடக்கணக்கில் உடம்புக்குள் போகக் கூடாது. காற்றைக் கண்டால் அது தண்ணீரை விட்டு ஓடிவிடும். அவள் விட்ட இடத்துக்குள் ஓடி, மூடியைத் திறந்ததும் போயே போய்விட்டது. அறிக்கையில் மட்டும் அறுபது, ஐம்பத்தெட்டு என்று எண்கள் சமர்த்தாக வந்து நின்றன. நூறைத் தாண்டக் கூடாது என்பது விதி.

விளிம்பு வரை நிரப்பி அனுப்பிய குப்பியின் முடிவு இன்று வந்தது. நூற்று முப்பத்து நான்கு.

மூன்று வருடங்களில் பன்னிரண்டு அறிக்கைகள், பன்னிரண்டிலும் அவள் கையெழுத்து.

நிலைய இன்ஜினியர் காகிதத்தை ஒரு தடவைதான் பார்த்தார். "இன்னொரு சாம்பிள் எடுங்க. எப்பவும் எடுக்கற மாதிரியே எடுங்க. பழைய லேபுக்கே அனுப்பிடலாம்."

"சார், குளோரின் போடற இடத்தை மாத்தினா சரியாயிடும். ஆத்துத் தண்ணி உள்ள வந்ததுமே கொட்டறோம். முதல்ல அழுக்கு படியட்டும், வடிகட்டுவோம், அப்புறம் போடுவோம்."

"தொட்டியெல்லாம் பாசி பிடிக்கும். ஆளு வேணும், பம்ப் மாத்தணும். அறுபதுன்னு எழுதிக் குடுத்த நிலையத்துக்கு எவன் அனுமதி குடுப்பான்?"

"நூத்தி முப்பத்தி நாலுன்னு எழுதினா குடுப்பாங்க."

"குடுப்பாங்க. மூணு வருஷம் என்னம்மா பண்ணினேன்னும் கேப்பாங்க. உங்க வேலை நிக்காது." அவர் கெட்டவர் இல்லை, ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதர். "நாலு மணிக்குள்ள குப்பியோட வாங்க" என்றார்.

சாம்பிள் எடுக்கிற குழாய் அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்தது. கதவைத் திறந்ததுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "வந்துட்டாங்கப்பா தண்ணி டாக்டர்! நாடி பிடிச்சுட்டு உடனே ஓடணுமா, இல்ல ரெண்டு நிமிஷம் உக்காருவியா?"

உட்காரவில்லை. குழாயை ஓடவிட்டு, நூல் போல ஒழுகும்படி திருகி, குப்பியைச் சாய்த்துப் பிடித்தாள். நீர் ஏறியது. விரல் அகலம் மிச்சம் இருக்கும்போது கை தானாக நின்றது. இப்படியே மூடினால் போதும். வேலை இருக்கும், வீட்டுக் கடன் அடையும், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

அக்கா அதே குழாயில் ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று பாதி குடித்தாள். "என்னடி வெறிச்சுப் பாக்கறே? ஃபில்டர் வாங்கணும்னு உங்க மாமா ஒத்தக் கால்ல நின்னாரு. என் தங்கச்சி பாத்து அனுப்பற தண்ணிக்கு எதுக்கு ஃபில்டர்னு வாயை அடைச்சுட்டேன்."

கெமிஸ்ட் குப்பியை மறுபடி குழாயடியில் பிடித்தாள். விளிம்புக்கு மேல் நீர் புடைத்து நின்றதும் மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை.

"அக்கா, நான் மூணு வருஷமா தப்பா அளந்திருக்கேன்." ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். குமிழி, நூற்று முப்பத்து நான்கு, இன்ஜினியர். "இன்னிக்கே எழுதிக் குடுக்கப்போறேன். வேலை போனா போகட்டும்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுடி. வேணும்னா பண்ணினே? நீயும்தானே இத்தனை நாள் இதையே குடிச்சே?"

சும்மா தலையாட்டியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"எங்க வீடு நிலையத்துக்குப் பக்கத்துலக்கா. அங்க முப்பதுகூட வராது. தண்ணி உன்கிட்ட வந்து சேர ஆறு நாளாகும். அத்தனை நாளும் குழாய்க்குள்ளயே அது கூடிக்கிட்டே வரும். ஊர்லயே இங்கதான் அதிகம்."

"அது உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"இல்லக்கா. எப்பவுமே தெரியும். அதனாலதான் சாம்பிள் உன் வீட்டுல எடுக்கறேன்."

அக்கா அவள் கையை விட்டாள்.