படத்தில் விட்டுப்போன இணைச்சீர்

அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் திருமூர்த்திக்கு இன்றைக்கும் முகம் சுருங்கும். ஆகவே பெயரை விட்டுவிடுவோம். கோயமுத்தூர் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த காதல் படம். யாரோ எழுதிய நாவலைப் படமாக்கியிருந்தார்கள். முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டத்துக்குக் கிணத்துக்கடவில் ரயிலேறி, மனைவி நாச்சியம்மாளோடு போய் நாற்காலி டிக்கெட்டில் உட்கார்ந்தார். தென்னந்தோப்பும் பருத்திக்காடும் உள்ளவர். ஊரில் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். பேசும் படம் பார்ப்பது அவருக்கு அது மூன்றாவது தடவைதான். பார்க்கலாம் என்று ஆசைப்பட்டுக் கூப்பிட்டவளும் நாச்சியம்மாள்தான்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கதாநாயகி ஒரு பாட்டு வாத்தியாரைக் காதலிக்கிறாள். அப்பன் அவளை ஒரு பண்ணையக்காரருக்குக் கட்டி வைக்கிறான். முதலிரவு அறையில் அந்தப் பண்ணையக்காரர் மூன்று தரம் தொண்டையைச் செருமினார். மீசையைத் தடவினார். புதுப்பெண் தலை குனிந்து நிற்க, கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தான் வாங்கிய காளைக்கு எத்தனை பல், சுழி எங்கே, வால் எவ்வளவு நீளம் என்று சொல்லிக்கொண்டே போனார். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. திருமூர்த்தியும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அது அவர் பேசிய பேச்சு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், தம் முதலிரவில், பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்ட நேரத்தில், எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று உளறிய அதே காளை. செருமல் கூட அவருடையதுதான், கணக்காய் மூன்று.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். நாச்சியம்மாளின் உதடு அசைந்துகொண்டிருந்தது. திரையில் அந்த ஆள் பேசுவதற்கு ஒரு நொடி முன்னால் அவள் அதைப் பேசிக்கொண்டிருந்தாள்! இதுவரை பார்த்திராத படத்தின் வசனம் இவளுக்கு எப்படித் தெரியும்? அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. சற்று முன் கல்யாணக் காட்சி ஓடியபோது அவள் திரையைப் பார்க்கவே இல்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி கட்டி முடிந்ததும் பெருமூச்சு ஒன்று விட்டாள். பாட்டு வாத்தியாரை நினைத்து விட்ட மூச்சா அது?

படத்தின் ஆரம்பத்தில் ‘கதை: பாலகோபால்’ என்று போட்டது நினைவுக்கு வந்தது. யார் இந்தப் பாலகோபால்? தம் அறைக்குள் பேசியது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

மறுநாளிலிருந்து வீட்டில் ஒவ்வொன்றும் அவர் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. நாச்சியம்மாளின் நடுவிரலில் மசிக் கறை. பால் கணக்கு எழுதினேன் என்பாள். இத்தனை நாள் அதை நம்பிவிட்டார். அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பேனாக் கட்டை. அவர் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுகிறாள். எல்லாம் முன்பும் இருந்ததுதான், பாவம் இந்த மனுஷன் பார்க்கவில்லை. விசாரிக்கலாம் என்றால் கூடவே இருக்கும் அக்கா தெய்வாத்தாளும் இல்லை. கணவன் போன பிறகு ஒன்பது வருஷமாகத் தம்பி வீட்டிலேயே இருப்பவள், அந்த மாதம் மகளின் பிரசவத்துக்காக ஈரோடு போயிருந்தாள்.

புதன்கிழமை தபால்காரர் யூனுஸைத் தோப்பில் மறித்தார்.

“ஏனுங் யூனுஸ், எங்க ஊட்டம்மா பேருக்குக் கடுதாசி ஏதாச்சும் வருதுங்களா?”

“வருமுங்களே. மதராஸ்ல இருந்து மாசம் ஒண்ணு, ரெண்டு. அம்மணி கையில மட்டும்தான் குடுக்கோணுமுன்னு உத்தரவுங்க.” யூனுஸ் சிரித்தார். சிரித்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்ததும் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்காமலே கேட்டார். “பாலகோபால்ங்கறது ஆரு?”

நாச்சியம்மாளின் கையிலிருந்த ரசக் கரண்டி சட்டியிலேயே நின்றது. பொய் சொல்லத் தெரியாத முகம் அது. அதில் பயம் வந்ததை அவர் நன்றாகவே பார்த்தார்.

“தெரியுமுங்க. ஆனா நான் சொல்ல முடியாதுங்க. சத்தியம் செஞ்சு குடுத்துப்போட்டேன்.”

“ஆருக்கு?”

“அதையுஞ் சொல்ல முடியாதுங்க. தப்பா ஒண்ணுமில்லீங்க. நம்புங்க.”

திட்டவில்லை, கை ஓங்கவில்லை. கொங்குப் பக்கத்து மரியாதை அவரை விடவில்லை. “வெள்ளகோவில் போயி உங்கய்யன் ஊட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வா அம்மணி” என்றார். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தங்கள் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியேறினாள். திரும்ப வரச் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

இனி அந்த ஆளைக் கண்டுபிடிக்காமல் திருமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஸ்டுடியோவுக்கே போனார். கதை இலாகாவைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிதுரை என்பவர், படத்தைப் புகழ வந்த ரசிகர் என்று நினைத்துக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

“பாலகோபாலை நாங்களே பாத்ததில்லீங்க. எல்லாம் மதராஸ் பதிப்பகம் மூலமா, கடுதாசியிலதான். ஆனா பாருங்க, படத்தை வெச்சுக் கதைய எடை போட்டுப்போடாதீங்க. ஏழாம் அத்தியாயத்தை அப்படியே கழிச்சுட்டோம்.”

“அதுல என்ன?”

“நம்ம பக்கத்துக் கல்யாணத்துல தாலிக்கு முன்னாடி மாப்பிள்ளையும் அக்காளும் சேர்ந்து செய்யற இணைச்சீருங்க. தஞ்சாவூர், மதுரைக்காரங்களுக்கு அது ஒண்ணும் புரியாதுன்னு முதலாளி வேண்டாமுன்னுட்டாரு.” மேஜையிலிருந்த ஒரு பிரதியை எடுத்து நீட்டினார். “படிச்சுப் பாருங்க.”

போத்தனூரில் பொள்ளாச்சி ரயில் ஏறியதும் புத்தகத்தைப் பிரித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் இல்லை என்றாலும் வேகம் கிடையாது. நேரே ஏழாம் அத்தியாயத்துக்குப் போனார்.

மணவறையில் மாப்பிள்ளை. பக்கத்தில் கல்யாணப் பெண்ணைப் போலவே அலங்கரித்த அவன் அக்காள். கூறைச்சேலையின் ஒரு முனை தம்பியின் கக்கத்தில், மறு முனை அக்காளின் கையில். மேளம் காதைப் பிளக்கிறது. அந்தச் சத்தத்துக்குள் தம்பி அக்காளின் காதருகே குனிந்து சொல்கிறான்: ‘அக்கா, இந்தப் புள்ளை எனக்கு வேண்டாம். மூஞ்சியும் புடிக்கலெ, ஒண்ணும் புடிக்கலெ. அய்யன் சொன்னாருன்னு நிக்கறேன்.’ அக்காள் முனையை இறுகப் பிடித்துக்கொண்டு, ‘சிரிடா, எல்லாரும் பாக்கறாங்க’ என்கிறாள்.

அது திருமூர்த்தி தம் இணைச்சீரில் சொன்ன பேச்சு. ஓரெழுத்துப் பிசகவில்லை. அதைச் சொல்லும்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு செத்தாலும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு வருஷத்தில் அது பொய்யாகியும் போயிற்று. இணைச்சீர் நடக்கிற நேரத்தில் மணப்பெண் மணவறைப் பக்கமே வருவதில்லை. நாச்சியம்மாள் உள்வீட்டில் பூ முடித்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையைக் கேட்ட காது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

அக்காதான் பாலகோபால். தாலியறுத்தவள் காதல் கதை எழுதுகிறாள் என்றால் ஊர் சும்மா விடுமா? ஆண்பிள்ளைப் பெயர், மதராஸ் கடுதாசிக்குத் தம்பி மனைவியின் விலாசம், பிரதி எடுத்துக் கொடுத்த கையில் மசி. காளைக் கதையை நாத்தனாரிடம் சொல்லிச் சிரிக்காத பெண் உண்டா? எல்லாம் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. விளங்கியதும் இன்னொன்று தோன்றியது: பிரதி எடுத்தவள் ஏழாம் அத்தியாயத்தையும்தானே எடுத்திருப்பாள்?

தலை நிமிர்ந்தபோது கிணத்துக்கடவு எப்போதோ போயிருந்தது. பொள்ளாச்சியில் இறங்கி, தாராபுரம் பஸ் பிடித்து, பொழுது சாயும் நேரத்துக்கு வெள்ளகோவில் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் நாச்சியம்மாள் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த புத்தகத்தை முதலில் பார்த்தாள், அப்புறம்தான் அவரை.

“வாங்க. படிச்சுப்போட்டீங்களா?”

“ஏழாவது மட்டும்.”

முறத்தைக் கீழே வைத்தாள். “நாலு வருசமாச்சுங்க நான் அதைப் படிச்சு. நங்கையா, அதான் உங்கக்கா, அந்தக் காகிதத்தை எங்கிட்டக் குடுக்காம கிழிக்கத்தான் போனாங்க. நாந்தான் புடுங்கிப் படிச்சேன். மூணு நாளு சோறு எறங்கலீங்க. பொறவு, கதைக்கு இதுதானுங்க உசுரு, கிழிக்காதீங்கன்னு நானே என்றெ கையால அதை எழுதிக் குடுத்தேன்.”

“ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கலையே அம்மணி.”

“கேட்டா நீங்க தலை குனிவீங்க. அதைப் பாக்க எனக்கு மனசில்லீங்க. கொட்டாயில உக்காந்திருந்தப்பவும் அதேதான். கல்யாண சீன் வந்துதே, அந்தப் பேச்சு இப்ப வந்துருமோ, நீங்க என்ன ஆவீங்களோன்னு உங்க மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன். வராமப் போனதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.”

அந்த மூச்சையா நான் அப்படி நினைத்தேன் என்று திருமூர்த்தி திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். மூன்று தரம் தொண்டையைச் செருமினார். நல்லவேளையாக இந்தத் தடவை காளை வரவில்லை.

“தப்புப் பண்ணிப்போட்டேன். ஊட்டுக்கு வா அம்மணி.”

“வாரனுங்க. ஆனா நீங்க கூப்பிட்டு இல்லீங்க.” குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. “நீங்க நாலு நாளு சந்தேகப்பட்டீங்க, பொறுக்கலெ, அனுப்பிப்போட்டீங்க. நாலு வருசம் தெரிஞ்சே நான் உங்களுக்குச் சோறு போட்டேன். அந்தச் சீலையில ஒரு முனைய நங்கையாதானே புடிச்சிருந்தாங்க? ஈரோடு போங்க. அன்னைக்கு அவுங்க காதுல சொன்னதை மாத்திச் சொல்லுங்க. அவுங்க நம்பி வந்து கூப்பிடட்டும், நான் வாரேன்.”

உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு அவர் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஈரோட்டுக்குக் கடைசி பஸ் இன்னும் போகவில்லை என்று சொன்னாள்.