தலை சாய்ந்த பக்கம்

எவரிஸ்தோவை ஊர்த்தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கிய மறுநாள் காலை வீட்டில் ரொட்டி இல்லை. அவன் கம்பாலோ ஊருக்குக் கபிதானாக இருந்தவரை, ஊர்க்காவல் ஆட்களில் யாராவது சூடான ரொட்டிப் பொட்டலம் ஒன்றை வேலியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு வேலி வெறுமையாக இருந்தது. அவன் மனைவி லுடிங் அடுப்பில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

"இனிமே நீ கபிதான் இல்லய்யா. எல்லாரையும் போலப் போய் வரிசைல நில்லு."

"நிக்கறேன். பெரிய ரொட்டியா, சின்னதா?"

"பதவி போனவனுக்குச் சின்னது போதும்."

"உங்கம்மா உன்னைப் பால் ஊத்தி வளத்தாளா, காடி ஊத்தி வளத்தாளா?" என்று கேட்டபடி அவன் வாசலில் செருப்பைத் தேடினான். ஒன்று கிடைத்தது. மற்றதை நாய் எங்கேயோ இழுத்துப் போயிருந்தது. லுடிங்குடைய பச்சைச் செருப்பில் ஒன்றை இன்னொரு காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். ரொட்டிக்கடை தெருவுக்கு அந்தப் பக்கம்தான். அவன் விந்தி விந்திப் போவதைப் பார்த்து, வரிசையில் நின்ற பெண்கள், "கபிதான், யாரு செருப்பு அது, புதுசா ஒருத்தி வந்துட்டாளா?" என்று கூவினார்கள். இறக்கப்பட்ட பிறகும் அவர்கள் அவனைக் கபிதான் என்றே கூப்பிட்டது லுடிங்குக்குப் பிடித்திருந்தது.

கடற்கரை மணலை அள்ளிப்போக வந்த இரும்புத் தோணிகளுக்கு அவன் கையெழுத்துப் போடவில்லை. நடந்தது அவ்வளவுதான். நகர மன்றத்தில் என்னென்னவோ குற்றம் சாட்டினார்கள். கடைசியில் ஒரு ஆணையோடு வந்து ஊர்மன்றத்து முற்றத்தில் வாசித்தார்கள். அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த மன்ற உறுப்பினன் ரொசெந்தோ அன்று சாயங்காலமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எவரிஸ்தோ மட்டும், "நான் மேல்முறையீடு போடுவேன். அதுவரைக்கும் தோணி கரையேறாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்தான்.

பைக் வந்த சத்தம் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஓட்டி வந்தவன் இறங்கி, வரிசையில் நிற்க வந்தவன் போலவே நடந்தான். முழுமுகத் தலைக்கவசம், கண்ணாடி இறக்கியிருந்தது. முதல் குண்டு எவரிஸ்தோவின் கழுத்தில் பாய்ந்தது. அவன் திரும்பிப் பார்க்க முயன்றபோது இரண்டாவது குண்டு வாயைக் கிழித்தது. பற்களும் ரத்தமும் ரொட்டிக்கடைக் கண்ணாடியில் தெறித்தன. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். லுடிங் கரண்டியோடு தெருவைக் கடந்தது அவளுக்கே பின்னால் நினைவில்லை. கீழே கிடந்தவனுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய் நின்று, வேண்டாம் என்று வலது கையை நீட்டினாள். கொதிக்கும் எண்ணெய் கரண்டியிலிருந்து அவள் காலிலேயே வழிந்துகொண்டிருந்தது.

நீட்டிய கைக்கு முன்னால் அந்தக் கவசத் தலை சற்றே தாழ்ந்தது. இடப்பக்கமாகச் சாய்ந்து, கைக்கு ஒரு சாண் தூரத்தில் சட்டென்று நின்றது. பிறகு அவன் அவளை இடது தோளால் இடித்துத் தள்ளி, கீழே கிடந்தவனின் நெஞ்சில் மூன்றாவது முறை சுட்டுவிட்டு, பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

போலீசிடம், முகம் தெரியவில்லை என்றுதான் சொன்னாள். அப்போது அது உண்மையும்கூட.

கூடத்தில் பெட்டியை வைத்தார்கள். வாய் இருந்த இடத்தில் மெழுகை அப்பி, அவனுக்கு எப்போதும் இல்லாத ஒரு சிரிப்பைச் செய்துவைத்திருந்தார்கள். பசிலிசா வந்தாள். பசிலிசாவின் மகன் தினோவை ஞானஸ்நானத்தில் கையில் தாங்கியவள் லுடிங்; அவனுக்கு 'நினாங்', ஞானத்தாய். அந்த நாளிலிருந்து இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பேர் சொல்லி அழைத்ததில்லை, 'மாரே'தான். பசிலிசாவின் கையில் ஒரு கோழிக்குஞ்சு இருந்தது. கொலையுண்டவனின் பெட்டிக் கண்ணாடிமேல் குஞ்சை விடுவது எங்கள் வழக்கம். அது கொத்தக் கொத்த, கொன்றவன் நெஞ்சில் கொத்து விழும், அவன் அகப்படும்வரை.

"என் வீட்டுக் குஞ்சு, மாரே. இருக்கறதுலயே இதுதான் முரடு" என்றாள் பசிலிசா. அரிசியைக் கண்ணாடிமேல் தூவினாள். "கொத்துடி. அந்த நாய்க்குப் பொறந்தவன் தூக்கத்துலயே கத்தணும். கொத்து." அவள் கண்ணீர் கண்ணாடியில் விழ, குஞ்சு அதையும் கொத்தியது.

பின்னாலேயே தினோ வந்தான். வர மனமில்லாதவனை இழுத்து வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. "நினாங் வீட்டுச் சாவுக்கு வராம எங்கடா படுத்துக் கெடக்கற? போய்க் கையை வாங்கு" என்று பசிலிசா முதுகில் குத்தினாள். அவன் குனிந்து லுடிங்கின் வலது கையைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனான். தலை இடப்பக்கமாகச் சாய்ந்தது. வலது நெற்றிப்பொட்டு அவள் விரல்மேல் பட்டது.

நாலு வயதில் கொதிக்கும் எண்ணெய் பட்டு அவன் நெற்றியின் இடப்பக்கம் வெந்துபோனது. ஆறும்வரை, பெரியவர்கள் கையை வாங்கி நெற்றியில் வைத்து ஆசி பெறும்போது வலி தெரியாமலிருக்கத் தலையைச் சாய்த்து வலது பொட்டைத்தான் வைப்பான். புண் ஆறிய பிறகும் அந்தச் சாய்வு போகவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் கையில் பட்டது அந்தப் பொட்டுதான்.

லுடிங் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதே கையால் அவன் முடியைக் கொத்தாகப் பற்றி, தலையைப் பெட்டிக் கண்ணாடியில் மோதினாள். கண்ணாடி விரிசல் விட்டது. குஞ்சு கத்திக்கொண்டு பறந்தது. இரண்டாவது முறை மோதியபோது அவன் புருவம் கிழிந்து, எவரிஸ்தோவின் மெழுகுச் சிரிப்புக்கு நேர்மேலே ரத்தம் கோடாக இறங்கியது. சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் மேசையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்கள். "பைத்தியம் புடிச்சிருச்சா மாரே, விடு, உன் புள்ளைடீ அவன்!" என்று பசிலிசா அவள் மணிக்கட்டைக் கடித்தாள். லுடிங் விடவில்லை. "தலையைச் சாச்சான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அங்கயும் தலையைச் சாச்சான்." தினோ திமிறி ஓடினான். ஓடியதால்தான் மற்றவர்களுக்குப் புரிந்தது. முற்றத்திலேயே பிடித்து, விறகுக்கட்டையால் கை எலும்பு முறியும்வரை அடித்தார்கள்.

வழக்கு தொடங்குவதற்குள் லுடிங்கின் நாயை யாரோ வெட்டி, தலையை மட்டும் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். தோணிகள் கரையேறிவிட்டன. வாக்குமூலம் எழுதிய அரசுத்தரப்பு வழக்கறிஞர் இளம்பெண்; லுடிங்கை அக்கா முறை வைத்து 'மனாங்' என்பாள். ஆங்கிலத்தில் தட்டெழுதிய தாளை லுடிங்குக்கு வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் வரியிலேயே லுடிங் ஒரு சொல்லில் விரலை வைத்தாள். புருஷன் படத்தோடு வந்த பத்திரிகைத் துண்டிலும் அந்த எழுத்துக்களைப் பார்த்திருந்தாள்.

"டிபோஸ்" என்றாள் வழக்கறிஞர். "சத்தியம் பண்ணிச் சொல்றதுக்கு அப்படித்தான் எழுதுவோம் மனாங். ஒருத்தரைப் பதவியை விட்டு இறக்கறதுக்கும் அதே வார்த்தைதான்."

"உங்க இங்கிலீஷ்ல வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சமா?" என்றாள் லுடிங். வழக்கறிஞர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருந்தினாள். "மனாங், நல்லா யோசிச்சுக்கோங்க. உங்க சாட்சியை விட்டா நம்மகிட்ட வேற எதுவும் இல்ல. துப்பாக்கி கிடைக்கல. ரொட்டிக்கடைல நின்னவங்க யாரும் வரமாட்டேங்கறாங்க. இது நின்னாத்தான் அவன் வாயைத் திறந்து ரொசெந்தோ பேரைச் சொல்லுவான்."

லுடிங் கையெழுத்துப் போட்டாள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நல்ல பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகக் கேட்டார். மொழிபெயர்ப்பவர் இன்னும் மெதுவாகச் சொன்னார்.

"முகத்தைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"குரல்?"

"பேசல."

"தலை குனிஞ்சுது, அதனால அவன்தான். அப்படித்தானே? இந்த நாட்டுல பெரியவங்களுக்கு யாரும்மா தலை குனியல? நானே குனிவேன்."

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் ரொசெந்தோவும் சிரித்தான்.

"நீங்க நெத்தியை வெப்பீங்க" என்றாள் லுடிங். "இவன் பொட்டை வெப்பான். தலையை இந்தப் பக்கம் சாச்சு." செய்து காட்டினாள். கட்டுப்போட்ட கையோடு குற்றம்சாட்டப்பட்டவர் பெஞ்சில் இருந்த தினோ முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற யாரு இதைப் பாத்திருக்காங்க? உங்க வார்த்தை மட்டும்தானே?"

"அவங்கம்மாவைக் கேளுங்க. இவன் எண்ணெய்ச் சட்டியைக் கவுத்துக்கிட்டது அவ அடுப்புலதான்."

வழக்கறிஞர் புன்னகை மாறாமல் நீதிபதியைப் பார்த்தார். தாய் ஏற்கெனவே அவர்களுடைய சாட்சிதான். அன்று காலை மகன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று சொல்ல வருகிறாள். அடுத்த தவணையில் அவளைக் கூண்டில் ஏற்றுவார்கள், அரசுத்தரப்பும் அப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நீதிபதி எழுதிக்கொண்டார். மூன்றாம் வரிசையில் பசிலிசா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். லுடிங் இறங்கி வந்தபோது இருவர் கண்ணும் சந்திக்கவில்லை.

கம்பாலோவுக்கு மத்தியானத்துக்கு மேல் ஒரே ஒரு ஜீப்னி வண்டிதான். லுடிங் முதலில் ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஆட்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். கடைசியில், வண்டி நகர்ந்த பிறகு, பசிலிசா பின்படியில் தொற்றி ஏறினாள். யாரோ இடம் விட்டார்கள். தனியாகத்தான் வந்திருந்தாள். எதிரெதிர்ப் பெஞ்சுகளில் முழங்கால்கள் முட்டிக்கொண்டன. கம்பாலோக்காரர்கள் எல்லாரும் வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் முகத்தைக்கூட வெளிப்பக்கம் திருப்பி வைத்தாள்.

பாலத்தைத் தாண்டியதும் வண்டிக்கூலி பின்னாலிருந்து வரத் தொடங்கியது. கைக்குக் கை மாறி முன்னால் வந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். லுடிங் தன் கூலியை இன்னும் எடுக்காமல், ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்த காசு பல உள்ளங்கைகளின் வெப்பத்தில் ஈரமாக இருந்தது.

"இது எத்தனை பேருக்கு?" என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

பின்னாலிருந்து, இஞ்சின் சத்தத்துக்கு மேலே, பசிலிசாவின் குரல் வந்தது.

"ரெண்டு. ரெண்டும் கம்பாலோ."

லுடிங்கின் கை ஏற்கெனவே முன்னால் நீண்டிருந்தது. ஓட்டுநர் சாலையைப் பார்த்தபடியே அதிலிருந்து காசை எடுத்துக்கொண்டான்.